உரியவர் வந்த பின்னரே அச்சு

தாராவியில் வாழும் குடும்பங்கள் நகைக்கு நிகராகக் காப்பவை தாள்கள். குடும்ப அட்டை, ஆதார் அட்டை, மின்கட்டண இரசீது ஆகியவை பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். காரணம் இல்லாமல் இல்லை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்னரோ இருந்த தரைத்தள வீடுகளுக்கே தாராவிக்குள் இலவச வீடு கிடைக்கும். அத்தகுதியை மெய்ப்பிக்க ஆவணங்களே துணை.

பெட்டிக்குள் இத்தனை காவலோடு இருக்கும் ஆவணம், நகல் எடுக்கும்போது அக்காவலை இழக்கிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எங்கும் மக்கள் ஜெராக்ஸ் கடைக்குக் கைப்பேசி வழியாகவே ஆவணங்களை அனுப்புகின்றனர். ஒரே அச்சுப்பொறியில் பலருடைய தாள்கள் அடுத்தடுத்து வெளிவருகின்றன. ஒருவருடைய தாளை மற்றொருவர் பார்க்கலாம். தவறுதலாக எடுத்துச் செல்லவும் கூடும். பலர் பயன்படுத்தும் அச்சுப்பொறி உள்ள பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இதே இடர் உண்டு. வினாத்தாளோ மருத்துவ அறிக்கையோ ஆளில்லாத தட்டில் கிடந்தால், அதற்குக் காவல் ஏது?

இதற்கு ஒரு தீர்வு உண்டு. கணினியில் கட்டளை தந்தவுடன் அச்சாகாமல், கோப்பு வரிசையில் நிறுத்தி வைக்கப்படும். உரியவர் அச்சுப்பொறியின் அருகே சென்று, இரகசிய எண்ணை இட்டாலோ அடையாள அட்டையைக் காட்டினாலோ மட்டுமே தாள் வெளிவரும். குறித்த நேரத்திற்குள் அவர் வராவிடில், கோப்பு தானே அழியும்படியும் அமைக்கலாம். மறந்துபோன கோப்புகள் அச்சாகாமையால் தாளும் மையும் மிஞ்சும். பொது அச்சுப்பொறி உள்ள இடமெங்கும் இம்முறையே வழக்கமாதல் வேண்டும்.

“இதனால் காலமும் பணமும் வீணாகும்” என்பர் சிலர். நூறு பக்கம் அச்சிடுவோர் இயந்திரத்தின் அருகே காத்திருக்க நேரும் என்பது உண்மையே. ஆயினும், அலுவலக அச்சுப்பொறிகள் பலவற்றில் இவ்வசதி முன்னரே உள்ளது. அதனைப் பயன்படுத்தினால் போதும். சிறு கடைகளுக்குப் புதிய இயந்திரமும் வேண்டா. வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது மட்டும் அச்சிட்டு, அவர் கண்முன்னே கோப்பை அழித்துவிடலாம். பொதுக் கணினியில் பதிவிறக்கிய மின்னாதாரை அழித்துவிடுமாறு ஆதார் ஆணையமும் அறிவுறுத்துகிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமை மாளிகையில் வாழ்வோர்க்கு மட்டும் உரியதன்று. ஒற்றை அறையில் வாழ்வோர்க்கும் உரியது. வங்கியின் ஏ.டி.எம். இயந்திரம் இரகசிய எண் இன்றி ஒரு ரூபாயும் தருவதில்லை. பணத்திற்கு அத்தனை காவல் வேண்டுமெனில், குடியிருக்கும் வீட்டையே முடிவுசெய்யும் தாளுக்கு வேண்டாவா?

பெற்றோருக்காகக் கடைக்குச் சென்று நகல் எடுத்து வருவோர் பெரும்பாலும் பிள்ளைகளே. “நான் வந்தபின் அச்சிடுங்கள், அச்சிட்டபின் அழித்துவிடுங்கள்” என்று கடைக்காரரிடம் பணிவோடு கேட்பதில் தவறேதும் இல்லை. குடும்பம் பல்லாண்டு காத்த தாள் அயலார் கைக்குப் போகாமல் தடுக்க அவ்விரு சொற்றொடர்கள் உதவும்.