‘உள்ளேன் ஐயா’ சொன்னவன் எல்லாம் நம்ம பையனா?

பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிஷம் உட்கார்ந்தவர்கள்தானே, இதற்கு ஐந்து நிமிஷம் உட்காருங்கள்.

போன வியாழக்கிழமை தாம்பரம் ஸ்டேஷனில் பீச் லோக்கலுக்காக நின்றுகொண்டிருந்தேன். தங்கைக்கு ஒரு மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போகவே இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மேலே பார்த்தால் வைஃபை குறி. நான் எதையும் இணைக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். ‘ஃப்ரீ கெஸ்ட்’ என்று ஒரு பெயர். இரண்டு வருஷத்துக்கு முன் சேலையூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அக்கா பேரன் என் போனை வாங்கி, பாஸ்வேர்டு கேட்காத ஒரு வைஃபையில் சேர்த்துவிட்டானே, அதே பெயர். மண்டபத்து வைஃபை எழுந்து நடந்து ஸ்டேஷனுக்கு வந்திருக்க முடியாது. இங்கே வேறு யாரோ அதே பெயரில் வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கடையாக இருக்கலாம், எவனோ ஒருவன் பையில் இருக்கும் போனாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. என் போனுக்கும் தெரியாது. தெரியாமலே போய் ஒட்டிக்கொண்டது.

இதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் வந்த முதல் பதில்: “பெரியவங்க கொஞ்சம் கவனமா இருக்கணும் சார்.” சொன்னது என் மாணவன்தான், மெப்ஸில் நல்ல வேலையில் இருப்பவன். அந்தப் பதிலுக்குத்தான் இந்தப் பதிவு.

கவனமாக இருக்க எனக்கு எங்கேயப்பா இடம் கொடுத்தீர்கள்? போன் என்னைக் கேட்டதா? ஒரு தடவை சேர்ந்த வைஃபையில் அடுத்த தடவை தானாகச் சேர வேண்டும் என்ற ஏற்பாடு, கடையிலிருந்து வரும்போதே போட்டுத்தான் வருகிறது. அதைப் போட்டது நானில்லை. போட்டவரை விட்டுவிட்டு, போட்டது தெரியாதவரைக் கவனமாக இருக்கச் சொல்வது என்ன நியாயம்?

அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வருகைப் பதிவேட்டைத் திறந்து, தலை நிமிராமல் பெயர் வாசித்துக்கொண்டே போகும் வாத்தியாரை நினைத்துக்கொள்ளுங்கள். குமார் வரவில்லை என்றால் கடைசி பெஞ்சிலிருந்து இன்னொருவன் ‘உள்ளேன் ஐயா’ என்பான். வாத்தியார் டிக் போடுவார். பாஸ்வேர்டு இல்லாத வைஃபையை உங்கள் போன் அடையாளம் காண்பது இப்படித்தான். பெயர் ஒத்துப்போனால் போதும், முகம் பார்ப்பதில்லை. அந்தப் பெயரை எவனும் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பெரிய கருவி வேண்டாம், போனில் இருக்கும் ஹாட்ஸ்பாட்டே போதும்.

வீட்டு வைஃபை அப்படியில்லை. அங்கே பாஸ்வேர்டு தெரியும் என்று போனும் ரௌட்டரும் ஒன்றுக்கொன்று நிரூபித்துக்கொள்ள வேண்டும், பெயரை மட்டும் திருடி வைத்தவனால் அது முடியாது. அதனால் வீட்டில் தானாகச் சேர்வதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் டீக்கடைச் சுவரில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருந்தால் அது பாஸ்வேர்டு இல்லை, விளம்பரப் பலகை. இன்னொன்று, வீட்டு வைஃபையின் பெயரை மறைத்து வைத்தால் பத்திரம் என்று சிலர் நினைக்கிறீர்கள். மறைத்தால், அதைக் கண்டுபிடிக்க உங்கள் போன்தான் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைக் கூவ வேண்டியிருக்கும். குரோம்பேட்டையிலும் கூவும், கிண்டியிலும் கூவும்.

“சார், பேங்க் ஆப் எல்லாம் என்கிரிப்ட் பண்ணித்தான் போகுது, நடுவுல யாரும் படிக்க முடியாது” என்று அடுத்த மாணவன். சரிதான், ஒப்புக்கொள்கிறேன். பத்து வருஷத்துக்கு முன் இருந்த பயம் வேறு, இப்போது வேறு. ஆனால் திருடனுக்கு நடுவில் உட்கார்ந்து படிக்க வேண்டிய அவசியமே இல்லையே. ஸ்டேஷன் வைஃபையில் சேர்ந்தால் என்ன நடக்கிறது? ஒரு பக்கம் திறக்கும். போன் நம்பர் கேட்கும். ஓடிபி வரும், அதைப் போட வேண்டும். உண்மையான ரயில்டெல் வைஃபை அப்படித்தான் கேட்கிறது, அதில் தப்பில்லை. ஆனால் பக்கம் திறந்தால் நம்பர் போடு, ஓடிபி போடு என்று கோடிப் பேரின் விரலுக்கு அது பழக்கிக் கொடுத்துவிட்டது. அதே மாதிரி ஒரு போலிப் பக்கம் திறந்து நீங்கள் நம்பரைப் போட்டதும், அவன் அந்த நம்பரை வைத்து அந்தப் பக்கம் உங்கள் வாட்ஸ்அப் கணக்கையே திறக்கப் பார்க்கலாம். ஓடிபி வரும். எதற்கான ஓடிபி என்று மெசேஜில் எழுதியிருக்கும். ரயில் வருகிற நேரத்தில் யார் படிக்கிறார்கள்? என் தங்கை படிக்க மாட்டாள். ஆறு எண்ணை மட்டும் பார்ப்பாள், போட்டுவிடுவாள்.

கற்பனை என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் 2024இல் ஒருவர் மேல் போலீஸ் வழக்குப் போட்டது. பெர்த், மெல்பர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும், பறக்கும் விமானத்திலும் உண்மையான வைஃபை மாதிரியே போலி வைஃபை வைத்து, சேர்ந்தவர்களிடம் மின்னஞ்சல், சமூக வலைத்தளக் கணக்கு விவரங்களை வாங்கினார் என்பது வழக்கு. கண்டுபிடித்தது பயணிகள் இல்லை. சந்தேகப்பட்டது விமான ஊழியர்கள்.

அடுத்து, “டேட்டா மிச்சம் சார்.” இதற்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் ரயில்டெல்லும் கூகுளும் சேர்ந்து ஸ்டேஷன் வைஃபையைத் தொடங்கியபோது டேட்டா விலை யானை விலை. அன்றைக்கு அது பெரிய உபகாரம். 2018க்குள் 400 ஸ்டேஷன் ஆனது. 2020 பிப்ரவரியில் கூகுளே விலகுவதாக அறிவித்தது. மொபைல் டேட்டா மலிந்துவிட்டது, முன்போல் தேவையில்லை என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணம். ரயில்டெல் தொடர்ந்து நடத்துகிறது, தினமும் முதல் அரை மணி நேரம் இலவசம். உங்களில் பாதிப் பேர் தினம் ஒன்றரை ஜிபி பேக் போட்டு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மிச்சத்தை வீணாக்குகிறீர்கள். எந்த டேட்டாவை மிச்சம் பிடிக்க இந்தப் பாடு?

ஸ்டேஷன் வைஃபை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எர்ணாகுளம் ஜங்ஷனில் மூட்டை தூக்கும் ஒரு தொழிலாளி, ஸ்டேஷன் வைஃபையில் பாடம் கேட்டே கேரளத் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறினார். 2018இல் செய்தியாக வந்தது, வாத்தியாரான எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவர் தனக்குத் தேவை என்று தேடிப் போய்ச் சேர்ந்தார். பையில் கிடக்கும் போன், நாம் கேட்காமலே, பல்லாவரத்தில் ஒன்றிலும் பெருங்களத்தூரில் ஒன்றிலும் சேர்ந்துகொண்டு போவது வேறு.

இதில் எனக்கு மிகவும் எரிச்சல் வந்தது எதில் தெரியுமா? அணைத்தாலும் அணைவதில்லை. ஐபோனில் மேலிருந்து இழுத்து வைஃபை பொத்தானைத் தட்டினால் அணைந்துவிட்டது என்றுதானே நினைப்போம்? 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அது இணைப்பை மட்டும் துண்டிக்கிறது. மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்குத் தானாகச் சேரும் வேலையை மறுபடி ஆரம்பித்துவிடும். கோழி கூவும் நேரம்! ஆண்ட்ராய்டு போன்களிலும் பழகிய வைஃபை பக்கத்தில் வந்தால் தானாக வைஃபையைப் போட்டுக்கொள்ளும் ஓர் ஏற்பாடு உண்டு. ‘வேண்டாம்’ என்று சொன்ன பிள்ளையை நீங்கள் ஐந்து மணிக்கு எழுப்பி ‘இப்போதாவது வேண்டுமா’ என்று கேட்பீர்களா?

நீங்கள் ஓஎம்ஆரிலும் சிறுசேரியிலும் உட்கார்ந்து இந்த மாதிரி ஏற்பாடுகளை எழுதுகிறவர்கள். பாஸ்வேர்டு இல்லாத வைஃபை என்றால் ஒவ்வொரு தடவையும் ‘சேரட்டுமா?’ என்று ஒரு கேள்வி கேட்க வைப்பது அவ்வளவு கஷ்டமா? கஷ்டமில்லை என்று உங்களுக்கே தெரியும். கேட்டால் ஒரு தட்டு கூடுதல், அந்த ஒரு தட்டுக்காக வேண்டாம் என்கிறீர்கள்.

உறவினர்களுக்கு ஒரு வேலை. வைஃபை செட்டிங்ஸில் ‘சேவ்டு நெட்வொர்க்ஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கும், போனுக்குப் போன் இடம் கொஞ்சம் மாறும். அதில் வீடு, பிள்ளைகள் வீடு தவிர மற்றதையெல்லாம் ‘ஃபர்கெட்’ கொடுங்கள். வைத்துக்கொள்ள வேண்டியதாக இருந்தால் அதனுள் ‘ஆட்டோ கனெக்ட்’டை அணையுங்கள், ஐபோனில் அது ‘ஆட்டோ ஜாயின்’. அம்மா அப்பா போனில் நீங்களே செய்துகொடுங்கள். பணம் போயிருந்தால் தயங்காமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள்.

என் போன் பட்டியலில் முப்பத்தொரு பெயர் இருந்தது. இரண்டை வைத்துக்கொண்டேன். தங்கை போனை இன்னும் பார்க்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறாள். கிழக்குத் தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் பத்து மணிக்கு மேல் போனோடு வரலாம். காபி உண்டு, வைஃபை பாஸ்வேர்டு கிடையாது.