அரசு சைக்கிள் கொடுத்தது... ஓட்ட ரோடு எங்கே? கிராமச் சாலைகளில் என்ன மாற வேண்டும்?

தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 2001-02ல் பட்டியலின, பழங்குடியின மாணவிகளுக்காக ஆரம்பித்த திட்டம் படிப்படியாக விரிந்தது. இன்று அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் ப்ளஸ் 1 படிக்கும் மாணவ, மாணவியர் இதனால் பயன்பெறுகிறார்கள். அதற்கும் முன்பே, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதை நாடே திரும்பிப் பார்த்தது.

சைக்கிள் வந்துவிட்டது. ஆனால் அதை ஓட்டிச் செல்லும் ரோடு? பள்ளிக்குப் போகிற பிள்ளை, விடியற்காலையில் பால் ஊற்றப் போகிறவர், வயலுக்குப் போகிற பெரியவர் என எல்லோருக்கும் கிடைக்கும் ஒரே பாதுகாப்பு, பின்னால் வரும் வண்டிக்காரரின் 'ஓரமா போப்பா' என்ற அதட்டல்தான். அந்த ஓரம் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வியே.

விபத்து என்றால் நகரம்தானே?

இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இதில் சுமார் 68 சதவீத மரணங்கள் ஊரகப் பகுதிகளில் நடந்தவை. ஊரகப் பகுதி வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளும் இதில் அடக்கம். விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

நகரத்தில் நெரிசலே வேகத்தைக் குறைத்துவிடும். கிராமத்தில் ரோடு காலியாக இருக்கும், சிக்னல் இருக்காது, கேட்க ஆளும் இருக்காது. ஆக்ஸிலேட்டரை முறுக்க வேறென்ன வேண்டும்?

பஸ் வந்தால் சைக்கிள் எங்கே போகும்?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஒற்றை வழி கிராமச் சாலையின் தார்ப்பரப்பு பொதுவாக 3.75 மீட்டர் அகலம். போக்குவரத்து மிகக் குறைவான இடங்களில் 3 மீட்டர்தான். ஒரு பஸ்ஸின் அகலம் சுமார் 2.5 மீட்டர். பஸ் ஒரு பக்கமாகவே ஒதுங்கிப் போனாலும் மிச்சம் இருப்பது ஒன்றேகால் மீட்டர். சைக்கிள் ஓட்டுபவருக்கு, லேசாக ஆடுவதையும் சேர்த்தால், ஒரு மீட்டர் வேண்டும். பஸ்ஸுக்கும் தோளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான்.

அதனால் சைக்கிள் ரோட்டை விட்டு இறங்கியே ஆக வேண்டும். ஆனால் இறங்க முடிகிறதா? பழைய ரோட்டின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, பல இடங்களில் சாலை விளிம்பு பக்கத்து மண்ணைவிட ஒரு படி உயரமாக நிற்கிறது. சைக்கிள் சக்கரம் அந்த விளிம்பில் உரசினால் ஹேண்டில் திரும்பாது. ஆள் ரோட்டுப் பக்கமே விழுவார். பின்னால் பஸ். இதை 'சைக்கிள்காரர் தடுமாறி விழுந்தார்' என்று எழுதி ஃபைலை மூடிவிடுவது சுலபம். தடுமாற வைத்தது எது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை.

பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். வீடுகளுக்குள் மழைத்தண்ணீர் புகுவதைத் தடுப்பது அதன் முக்கியக் காரணம். அதே உத்தரவு சைக்கிள்காரரின் உயிரையும் காக்கும். ஒப்பந்தப் பணி முடிந்தது என்று பில் போடும் முன், பக்க மண் தார் மட்டத்துக்கு நிரப்பப்பட்டதா என்று ஒரு பொறியாளர் பார்த்தாலே பாதிப் பிரச்னை தீரும்.

வேகம் ஏன் முதல் எதிரி?

30 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஆபத்தைப் பார்த்து பிரேக் போட்டு நிற்க சுமார் 13 மீட்டர் ஆகும். 60 கி.மீ. வேகம் என்றால் சுமார் 36 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, நிற்கும் தூரமோ கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மோதும் சக்தி நான்கு மடங்கு. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2018ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, நெடுஞ்சாலை அல்லாத 'இதர சாலைகளில்' கார்களுக்கான உச்ச வேகம் 70 கி.மீ., பைக்குகளுக்கு 60 கி.மீ. வளைவும் வரப்புமாக இருக்கும் ஊர்ச் சாலைக்கு இது மிக அதிகம். ஆனால், மக்கள் பாதுகாப்புக்காக இதைக் குறைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 112வது பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. பள்ளி, கடைத்தெரு, குடியிருப்பு உள்ள பகுதிகளில் 30 கி.மீ. என்று நிர்ணயிப்பதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. மனசுதான் வேண்டும்.

போர்டு வைத்தால் மட்டும் வண்டி மெதுவாகாது என்பதும் உண்மை. ரோட்டின் அமைப்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். அதற்காக ஊர்க்காரர்கள் அவசரத்துக்கு மண்ணும் ஜல்லியும் கொட்டிப் போடும், பெயின்ட் அடிக்காத வேகத்தடை தீர்வல்ல. இருட்டில் முதலில் விழுவது சைக்கிள்காரர்தான். அகலமான, சரிவு குறைந்த, வெள்ளைக் கோடும் முன்னெச்சரிக்கைப் பலகையும் உள்ள வேகத்தடை வேண்டும். அதன் இரு ஓரத்திலும் சைக்கிள் போகும் அளவுக்கு இடைவெளியும் விட வேண்டும்.

செலவில்லாமல் என்ன செய்யலாம்?

கிராமச் சாலை என்றதும் தனி சைக்கிள் பாதை கேட்க வேண்டியதில்லை. பல இடங்களில் அதற்கு நிலமே கிடையாது. இவற்றைச் செய்தாலே போதும்:

* சீமைக் கருவேலத்தை வெட்டுவது: வளைவில் பார்வையை மறைப்பது, முள்ளால் டியூபைப் பஞ்சராக்குவது, சைக்கிளை நடு ரோட்டுக்குத் தள்ளுவது என மூன்று வேலையையும் இதுவே செய்கிறது. நூறு நாள் வேலையில் இதைச் சேர்க்கலாம்.
* நெல்லுக்குக் களம்: அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காய்கிறது, சுற்றிலும் கல் வைத்திருக்கிறார்கள். விவசாயியைத் திட்டுவதால் பயனில்லை. ஊருக்கு ஒரு நல்ல உலர்களம் இருந்தால் அவரும் ரோட்டுக்கு வரமாட்டார்.
* சிறுபாலமும் கிணறும்: கைப்பிடிச் சுவர் உடைந்த வாய்க்கால் பாலம், ரோட்டோரத் தரைமட்டக் கிணறு ஆகியவற்றுக்குத் தடுப்புச் சுவரும் ஒளிரும் பட்டையும் அவசியம்.
* இருட்டு நேரம்: பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர், ஓரத்தில் நிறுத்திய கரும்பு லாரி, கண்ணைக் கூசும் ஹை பீம். இவற்றைப் போலீஸார் மாலை 6 மணிக்கு மேல் சோதிக்க வேண்டும். பள்ளியில் சைக்கிள் வழங்கும்போதே முன்னும் பின்னும் பிரதிபலிப்பான் இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கலாம்.
* ஊர்ச் சாலை நெடுஞ்சாலையில் சேரும் இடம்: மேடேறி வரும் சைக்கிள் நேராக நெடுஞ்சாலையில்தான் தலைகாட்டுகிறது. சேருமிடத்துக்குச் சற்று முன்பே சமதளமும், விளக்கும் வேண்டும்.

சைக்கிள்காரர் மேல் தப்பே இல்லையா?

இருக்கிறது. எதிர்த்திசையில் வருவது, மூன்று பேர் கைகோத்துப் போவது, விளக்கு இல்லாமல் இரவில் ஓட்டுவது எல்லாம் ஆபத்துதான். ஆனால் எதிர்த்திசையில் வருபவரிடம் ஒரு நிமிடம் கேட்டால், பல நேரம் பதில் ஒன்றுதான்: நெடுஞ்சாலையைக் கடக்கும் வழி ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மிதித்துப் போகிறவரை மூன்று கிலோமீட்டர் சுற்றவிட்டு, ஒழுக்கம் இல்லை என்று சொல்வது நியாயமா?

முந்துகிற வண்டிக்கும் பொறுப்பு உண்டு. பிரான்ஸில் ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும்போது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். இங்கே ஒற்றை வழிச் சாலையில் அவ்வளவு இடம் இல்லை என்றால், இடம் வரும்வரை பின்னால் காத்திருப்பதுதான் முறை. ஹாரன் அடித்தால் ரோடு அகலமாகிவிடாது.

யாரிடம் கேட்பது?

இங்கேதான் பலரும் அலைக்கழிகிறார்கள். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை ஆகியவை நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். இந்தச் சாலைகளின் பள்ளங்களைப் படமெடுத்துப் புகார் செய்ய 'நம்ம சாலை' செயலி இருக்கிறது. ஊராட்சி, ஊராட்சி ஒன்றியச் சாலைகளுக்கு ஊரக வளர்ச்சித் துறை பொறுப்பு. எந்த ரோடு யாருடையது என்றே தெரியவில்லை என்றால், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம், அல்லது 1100க்குப் பேசலாம். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரும் கலெக்டர்தான்.

கிராம சபை இன்னொரு வழி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. 'ரோடு வேண்டும்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'இந்த வளைவில் முள்ளை வெட்டணும், இந்தப் பாலத்துக்குச் சுவர் வேணும்' என்று இடத்தைக் குறிப்பிட்டுத் தீர்மானம் போட்டால் தட்டிக்கழிப்பது கடினம். 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவையும் நினைவுபடுத்தலாம். சாலைப் பாதுகாப்புத் தரங்களைப் பின்பற்றாமல் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை இலவசமாக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழ்நாடு 2021 டிசம்பரில் தொடங்கியது. நல்ல திட்டம். அதே அக்கறை, விபத்துக்கு முந்தைய இடத்துக்கும் வர வேண்டும்: உடைந்த விளிம்புக்கும் மறைந்த வளைவுக்கும் இருண்ட சந்திப்புக்கும். இவற்றைச் சரிசெய்யக் கோடிகள் தேவையில்லை. சைக்கிளில் போகிறவரையும் ரோட்டின் உரிமையாளராக எண்ணி, வேலையை முடித்துக் கையெழுத்துப் போடும் அதிகாரிகள் போதும்.