அவர் யார் பக்கம்?



மதுரையிலே வாழ்ந்து, 2024 நவம்பர் 10ஆம் நாள் மதுரையிலேயே மறைந்த எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் அவர்களின் பெயரைக் கேட்டதும், நம்மில் நடுவயதைத் தாண்டியவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது ‘மர்மதேசம்’ என்னும் தொலைக்காட்சித் தொடரே. 1990களில் கே. பாலசந்தர் அவர்களின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, நாகா அவர்கள் இயக்கிய அத்தொடரின் ‘விடாது கருப்பு’ என்ற கதையைப் பலர் இன்னும் மறக்கவில்லை. ஒரு கிராமத்திலே தவறு செய்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். காவல் தெய்வமான கருப்பசாமியே குதிரையேறி வந்து தண்டிக்கிறார் என்று ஊர் நம்புகிறது. வருவது தெய்வமா, அன்றித் தெய்வத்தின் பெயரால் வரும் மனிதனா? மனிதன் என்றால், ஊரோடு ஊராய்ச் சிரித்துப் பேசும் முகங்களுள் அது எந்த முகம்?

அழகர்கோயில் வாசலிலே பதினெட்டாம்படிக் கருப்பரையும், வயலோரங்களிலே மண்குதிரைகளையும் கண்டு வளர்ந்த நம் வட்டாரத்து மக்களை இக்கதை பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. வாரத்தில் ஒரு நாள் தொடர். எஞ்சிய ஆறு நாளும் ஊகம். “அந்தப் பெரியவர் அந்நேரத்தில் அங்கே ஏன் நின்றார்?” என்பார் ஒருவர். “அவருடைய சிரிப்பே சரியில்லை, நல்லவர்போல் நடிக்கிறார்” என்பார் மற்றொருவர். முடிவை நாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை இன்றும் தேடிப் பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே!

இவ்வழக்கம் புதிதுமன்று. 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் ‘பொன்னியின் செல்வன்’ வெளிவந்தபோது நம் பெற்றோரும் பாட்டனாரும் நந்தினியைப் பற்றி இவ்வாறே வாதிட்டனர். தஞ்சையிலே பெரிய பழுவேட்டரையரின் மனைவியாய் வாழ்ந்துகொண்டு, மாண்ட பாண்டிய மன்னனுக்காகப் பழிவாங்கத் துடிக்கும் அவள் உள்ளத்திலே உண்மையில் இருப்பது யார்? 2022 செப்டம்பரில் திரைப்படத்தின் முதற்பாகமும், 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகமும் வெளிவந்தன. இடைப்பட்ட ஏழு மாதமும் பேரப்பிள்ளைகள் அதே வாதத்தைத் தொடர்ந்தனர். குடும்பமாய் அமர்ந்து ஒரு கதையைப் பற்றிப் பேசுவதிலே குற்றம் ஒன்றுமில்லை. அது மகிழ்ச்சியான பொழுதே.

ஆனால் ஒன்றை நாம் கருத்தில் கொள்ளவேண்டும். கதையிலே ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தால், அப்பார்வையை அங்கே வைத்தவர் ஆசிரியர். ஒருவர் பேசாமல் நின்றால், அந்த மௌனமும் அவர் வைத்ததே. நம்மைச் சரியான வழியில் செலுத்தவோ, வேண்டுமென்றே வழிதவறச் செய்யவோ ஒவ்வொரு குறிப்பையும் அவர் எண்ணி எண்ணி இடுகிறார். ஆதலால் அங்கே குறிப்புகளைக் கூட்டிக் கணக்குப் போடுவது நேர்மையான விளையாட்டு. வாழ்க்கையிலோ எவரும் நமக்காகக் குறிப்பு வைப்பதில்லை. அயலார் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது பல்வலியாகவும் இருக்கலாம். கதைக்கு உரிய கண்ணை மனிதர்மேல் வைக்கும்போதுதான் பாவம் தொடங்குகிறது.

இதை நாம் பிறருக்குச் சொல்லும் முன் நம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். நம் அன்பியத்திலே முன்னின்று செபம் சொல்லும் ஒருவர், சில ஆண்டுகளுக்குமுன் திடீரெனக் கூட்டங்களுக்கு வராமல் நின்றுவிட்டார். ஞாயிறு மாலைகளில் கையிலே பையோடு பேருந்து ஏறுவதைச் சிலர் கண்டனர். வேறொரு செபக்கூடத்தின் பெயரைச் சொல்லி, “அங்கேதான் போகிறார், மனம் அங்கே மாறிவிட்டது” என்று ஒருவர் ஊகித்தார். நாமும் தலையசைத்தோம். அடுத்த திருவிழாக் குழுவில் அவர் பெயர் இல்லை. ஐந்து மாதம் கழித்தே உண்மை தெரிந்தது. படுக்கையிலே கிடந்த தாயாருக்கு உணவு எடுத்துக்கொண்டு திருமங்கலத்துக்கு அப்பாலுள்ள தம்பி வீட்டுக்குப் போய்வந்திருக்கிறார். நாம் அறிந்த அன்று அந்தத் தாயாரின் அடக்கம். “ஒருவராவது வந்து கேட்டிருக்கலாமே, ஐயா” என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. அவர் பெயர் திரும்பவும் குழுவில் ஏறியது. பழைய நெருக்கம் இன்னும் திரும்பவில்லை.

இதே மதுரையிலே இதனினும் பெரிய வழக்கு ஒன்று நடந்ததை நம் திருச்சபை வரலாறு கூறுகிறது. 1606ஆம் ஆண்டு உரோமையிலிருந்து வந்த சேசு சபைத் துறவி இராபர்ட் தே நொபிலி, நம் மக்கள் தத்துவ போதகர் என்று அழைத்தவர், இங்கே காவியுடை உடுத்தார்; சந்தனம் அணிந்தார்; புலால் நீக்கினார்; தம் சபைத் தோழரின் இல்லத்தை விட்டுத் தனிக்குடிலில் வாழ்ந்தார். அவருக்கு முன்பே மதுரையில் பணியாற்றிய கொன்சாலோ பெர்னாந்தஸ் அடிகள் இவற்றையெல்லாம் பார்த்தார். ஒவ்வொரு குறிப்பும் ஒரே பக்கம் காட்டியது: இவர் வேதத்தை விட்டு மறுபக்கம் போய்விட்டார்! 1610இல் குற்றச்சாட்டு மேலிடத்துக்குச் சென்றது. 1619இல் கோவாவிலே சபை கூடி விவாதித்தது. 1623 சனவரி 31ஆம் நாள் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் தே நொபிலியின் வழிமுறைகளுக்கு அனுமதி அளித்த பின்பே வழக்கு ஓய்ந்தது. பெர்னாந்தஸ் அடிகள் தீயவர் அல்லர்; அவர் கண்ட குறிப்புகளும் பொய்யல்ல. அவற்றிலிருந்து கட்டிய கதைதான் தவறு. தே நொபிலியின் உறவினரான கர்தினால் இராபர்ட் பெல்லார்மினும் செய்தி கேட்டு முதலில் மனம் நொந்தார். எனினும் அவர் விளக்கத்தைக் கேட்டார்; கேட்டபின் துணை நின்றார்.

கேட்டல் என்பதே நம் மறை காட்டும் வழி. புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகள் நூலின் தொடக்கத்திலேயே இதை வைத்தார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 2478ஆம் பத்தியில் அதையே எடுத்துரைக்கிறது. பிறர் சொல்லையும் செயலையும் இயன்றவரை நல்ல பொருளிலே கொள்ளவேண்டும். அவ்வாறு கொள்ள இயலாவிடில் அவரிடமே கேட்கவேண்டும். அவர் தவறியிருந்தால் அன்போடு திருத்தவேண்டும் என்பது அதன் சாரம்.

மேலும், மறைந்திருப்பதெல்லாம் வஞ்சகம் என்று எண்ணுவதும் பிழை. அரிமத்தியா ஊர் சூசை, இயேசுவுக்கு எதிராகத் தீர்மானித்த தலைமைச் சங்கத்தின் உறுப்பினர். உள்ளத்திலோ மறைவான சீடர். நிக்கொதேமு இரவிலே வந்தவர். பார்த்தவர்கள் அவரைப் பற்றி என்ன ஊகித்திருப்பார்களோ! சீடர்கள் பலரும் ஓடிப்போன வெள்ளிக்கிழமையன்று ஆண்டவரின் திருவுடலை அடக்கம் செய்ய வந்து நின்றவர்கள் இவ்விருவரே.

இறுதி இரா உணவு வேளையை நினைத்துப் பார்ப்போம். உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று ஆண்டவர் சொன்னபோது, பந்தியிலே ஒரு துரோகி மெய்யாகவே இருந்தான். சீடர்கள் ஒருவரையொருவர் நோக்கினர் என்று அருளப்பர் எழுதுகிறார். ஆனால் மத்தேயு குறித்துவைத்த கேள்வியோ, “அவனோ?” என்பதன்று, துயரத்தோடு ஒவ்வொருவரும் தம்மைக் குறித்தே, அது நானோ என்று கேட்டனர். யூதாஸ் எழுந்து வெளியே போனபோதும், விழாவுக்கு வேண்டியதை வாங்கப் போகிறான், அல்லது ஏழைகளுக்கு ஏதோ கொடுக்கப் போகிறான் என்றே சிலர் எண்ணினர். அவர்கள் ஊகம் தவறாயிற்று. அன்பினாலே தவறியதற்காக ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை.

ஆகையால் பெற்றோரே, பிள்ளைகளோடு அமர்ந்து மர்மத் தொடர்களைப் பாருங்கள். யார் எந்தப் பக்கம் என்று வேண்டிய மட்டும் வாதிடுங்கள். பெட்டியை அணைக்கும்போது அந்தக் கண்ணையும் சேர்த்து அணைத்துவிடுங்கள். அடுத்த வீட்டாரைப் பற்றி ஓர் ஊகம் இரவுச் செபமாலைக்குப் பின்னும் வாயிலே நின்றால், மறுநாள் அவர்கள் வீட்டு வாசற்படி ஏறி, “நலமா?” என்று கேட்டுவாருங்கள். அவர் யார் பக்கம் என்ற கேள்வி எழும்போதெல்லாம், நாம் யார் பக்கம் என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்வோம்.