அறை வாடகையும் ஆட்சேப உரிமையும்

உலக நாடுகள் கூடும் மகாநாடொன்றைத் தன் மண்ணில் நடத்துவது எந்த அரசுக்கும் பெருமை தரும் காரியமே. தோரணங்கள் எழும், வீதிகள் புதுப்பொலிவு பெறும், தலைவர்களின் படங்கள் பத்திரிகைகளை நிரப்பும். ஆனால், காலநிலை மாற்ற மகாநாடு வெறும் விழாவன்று. கடல் எந்த ஊரை விழுங்கும், வெள்ளம் எந்த வயலை அழிக்கும், அந்த நட்டத்தை யார் பொறுப்பது என்று வழக்குப் பேசும் மன்று அது. மன்றுக்கு வரவேண்டிய வழக்காளி வழிச்செலவுக்கு வகையின்றி வீட்டில் இருந்துவிட்டால் வழக்கு என்னவாகும்? 2025 நவம்பரில் பிரேசில் நாட்டின் பெலேம் நகரில் நடந்த முப்பதாவது மகாநாட்டின் ஆயத்தங்கள் எழுப்பிய கேள்வி இதுவே.

பெலேம், அமேசன் ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்த நகரம். காட்டைப் பற்றிப் பேசுவோர் காட்டின் வாசலில் வந்து நின்று பேசட்டும் என்பது சனாதிபதி லூலாவின் எண்ணம். நல்ல எண்ணந்தான். ஆயின், அந்நகரில் இருந்த விடுதிப் படுக்கைகள் ஏறத்தாழ 18,000. எதிர்பார்க்கப்பட்டோரோ ஏறத்தாழ 50,000 பேர். வாடகை வானளாவியது. 6,000 படுக்கைகளுக்காக இரண்டு உல்லாசக் கப்பல்களைத் தருவித்துத் துறைமுகத்தில் கட்ட வேண்டியதாயிற்று. மகாநாட்டுக்கு மூன்றரை மாதங்களே இருக்கையில், யூலை இறுதியில், ஆபிரிக்க நாடுகளின் முறையீட்டைக் கேட்க மகாநாட்டுப் பணியகம் அவசரமாகக் கூடிற்று. செலவு மிகுதியால் தாம் வரப்போவதில்லையென ஒஸ்திரியாவின் சனாதிபதி அறிவித்தார். ஒஸ்திரியாவுக்கே இந்நிலை என்றால் மலாவிக்கும் மாலைதீவுக்கும் எந்நிலை?

இதனை விடுதிக்காரரின் பேராசை என்று தள்ளிவிடலாகாது. சட்டங் கற்றவர் கண்ணுக்கு இதில் வேறொன்று புலப்படும். 1995ஆம் ஆண்டு பேர்லினில் முதலாவது மகாநாடு கூடிய நாள்தொட்டு, வாக்கெடுப்புக்கான விதியை அங்கத்துவ நாடுகள் ஏற்றுக்கொள்ளவேயில்லை. அந்த ஒரு விதி மாத்திரம் முப்பது ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. எனவே, யாவும் ஒருமித்த இணக்கத்தினாலேயே தீர்மானமாகின்றன. தலைவர் சபையை நோக்குகிறார், ஆட்சேபம் எழவில்லை, சுத்தியல் விழுகிறது, தீர்மானம் நிறைவேறுகிறது. அங்கே எழுந்து மறுக்கும் உரிமையே வாக்குரிமை. சமுகமளிக்காதவனின் மௌனம் சம்மதமாக எழுதப்படுகிறது. அப்படியாயின், அறை வாடகை என்பது ஏழை நாட்டின் வாக்குரிமைமீது விதிக்கப்பட்ட வரியன்றி வேறென்ன?

அவ்வுரிமையின் வலிமையை எண்ணெய் வளம் படைத்த நாடுகள் நன்கறியும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றைக் கைவிடுவதற்கு ஒரு வழித்திட்டம் வேண்டுமென 80க்கும் மேற்பட்ட நாடுகள் பெலேமில் கேட்டன. இறுதித் தீர்மானத்தில் அப்பொருள்களின் பெயர்தானும் இடம்பெறவில்லை. மறுத்தவர்கள் சிலரே, ஆனால், மறுக்க வேண்டிய வேளையில் மண்டபத்தில் இருந்தார்கள்.

பிரேசில் அரசு வாளாவிருந்தது என்று கூறுதல் நியாயமாகாது. மிகவும் வறிய நாடுகளும் சிறு தீவு நாடுகளுமாக 73 நாடுகளுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 200 டொலர் வரையான வாடகையில் அறைகளை ஒதுக்க முன்வந்தது. ஏனையோருக்கு 600 டொலர் வரை. இலங்கை அவ்விரு பட்டியல்களில் எதிலும் இல்லை! மகாநாடு நவம்பர் 22ஆந் திகதி முடிந்தது. ஆறாம் நாள் டித்வா புயல் இந்நாட்டைத் தாக்கிற்று. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. மலையகத்தில் மண் சரிந்தது. நெல்வயல்கள் நீரில் மூழ்கின. நட்டவீட்டு நிதியைப் பற்றி இனிப் பேசப்படும் மேசைகளில் எம்மவருக்கு ஆசனம் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி, பெலேமை விடுத்து ரியோவுக்குப் போயிருக்கலாம் என்று கூறுவோரின் கட்சியையும் நாம் ஏற்பதற்கில்லை. நவம்பர் 14ஆந் திகதி காலை முண்டுருக்கு ஆதிக்குடியினர் மகாநாட்டின் தலைவாசலை மறித்து நின்றார்கள். மகாநாட்டுத் தலைவர் கொரேயா டோ லாகோ தாமே வெளியே வந்து அவர்களுடன் பேசினார். 2023இல் டுபாயிலும் 2024இல் பாகுவிலும் இத்தகைய காட்சியை எவரும் கண்டதில்லை. ஊரைத் தெரிந்தது பிழையன்று. பத்து மாதங்களுக்கு முன்பே வாடகைக்கு வரம்பு கட்டாததே பிழை.

2026ஆம் ஆண்டு மகாநாட்டைத் துருக்கியின் அந்தாலியாவில் நடத்துவதென்றும், பேச்சுவார்த்தைகளை அவுஸ்திரேலியா தலைமைதாங்கி நடத்துவதென்றும், 2027இல் அடிஸ் அபாபாவில் கூடுவதென்றும் பெலேமில் முடிவாயிற்று. அந்தாலியா உல்லாசப் பயணிகளின் பட்டினம். அங்கே அறைக்குப் பஞ்சமிராது. அடிஸ் அபாபா அத்தகையதன்று. மகாநாட்டை நடத்தும் அரசு ஐக்கிய நாடுகளின் செயலகத்துடன் ஒப்பந்தமொன்றில் கைச்சாத்திடுவது வழக்கம். மண்டபம், காவல், விசா என்று யாவும் அதில் எழுதப்படும்போது, ஒவ்வொரு நாட்டுக்கும் குறைந்தபட்சம் இத்தனை அறைகள், உச்ச வாடகை இவ்வளவு என்னும் வாசகம் மாத்திரம் ஏன் இடம்பெறலாகாது? இதனைக் கொழும்பு எழுந்து கேட்க வேண்டும். ஆபிரிக்க நாடுகள் கூட நிற்கும். பசிபிக் தீவுகளும் நிற்கும்.