தண்ணீரை நிறுத்தும் கதவு எங்கே?

பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில் மீன்தொட்டியின் குழாய்களைப் பற்றி எழுத நேரும் என நான் எண்ணியதில்லை. ஓய்வுபெற்று ஈச்சிலம்பற்றுக்குத் திரும்பிய பின்னர், பேரப்பிள்ளைகளின் பிடிவாதத்தால் எங்கள் விறாந்தையில் ஒரு கண்ணாடித் தொட்டி இடம்பிடித்தது. தொட்டிக்குக் கீழே தண்ணீரைச் சுத்திகரிக்கும் மூடிய வடிகட்டி. இரண்டையும் இணைக்க இரு குழாய்கள்.

ஒருநாள் வடிகட்டியைக் கழுவி மாட்டினேன். அன்றிரவு ஒரு குழாய் முனையிலிருந்து நழுவிவிட்டது. விடியற்காலையில் விறாந்தையில் கணுக்கால் நனையத் தண்ணீர் நின்றது. தொட்டியின் அடியில் எஞ்சிய சிறிதளவு நீரில் மீன்கள் துடித்துக்கொண்டிருந்தன. இரண்டு பிழைக்கவில்லை. பேரன் அன்று பள்ளிக்கூடம் போக மறுத்துவிட்டான்.

பிழை குழாயினுடையதன்று, என்னுடையது. கடையில் இணைப்பு வாங்கியபோது, 'இது ஒழுகுமா?' என்று மட்டுமே கேட்டேன். 'இது கழன்றால் தண்ணீர் எங்கே நிற்கும்?' என்று கேட்கவில்லை. தொட்டி மேலேயும் வடிகட்டி கீழேயும் இருக்கும்போது, கழன்ற குழாய் தானாகவே நீரை இறைக்கும் உறிஞ்சுகுழாயாகிவிடும். உள்ளே இறங்கியிருக்கும் குழாயின் வாய் வெளித்தெரியும் வரை அது ஓயாது. மின்சாரத்தை நிறுத்தினாலும் பயனில்லை.

ஆகவே, கழற்றக்கூடிய இணைப்பைத் தெரிவு செய்வோர் முதலில் பார்க்க வேண்டியது கதவை. நடுவே திருகிக் கழற்றும் யூனியனும், அதன் இருபுறமும் ஒவ்வொரு வால்வும் உள்ள இணைப்பே சிறந்தது. இரண்டையும் மூடிவிட்டுக் கழற்றினால், தொட்டி நீர் தொட்டியிலும் வடிகட்டி நீர் வடிகட்டியிலும் நின்றுவிடும். ஒருபுறம் மாத்திரம் வால்வு உள்ளது விலை குறைவு. ஆனால் வால்வு இல்லாத பக்கத்து நீர் தரைக்குத்தான் வரும். அத்துடன், நீர் தொட்டிக்குத் திரும்பும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை இடுங்கள். அந்தப் பக்கம் கழன்றாலும், நீர் துளைவரை இறங்கியதும் காற்றுப் புகுந்து அந்தக் குழாய்வழியான இறைப்பு நின்றுவிடும்.

அடுத்தது உள்விட்டம். 16 மில்லிமீற்றர் குழாயின் நடுவே 12 மில்லிமீற்றர் துவாரமுள்ள இணைப்பைப் பொருத்தினால், நீர் செல்லும் வாய் ஏறத்தாழ 56 வீதமாகக் குறுகிவிடும். வடிகட்டி எவ்வளவு நல்லதாயினும் நீர் மெதுவாகத்தான் வரும்.

மூன்றாவது உலோகம். பித்தளை பார்வைக்கு உறுதியானது. ஆனால் அதில் செம்பு உண்டு. இறால், நத்தை வளர்ப்போருக்கு அது ஆபத்து. எங்களைப் போன்ற கரையோரங்களில் சாதாரண இரும்புக் கிளிப்பும் உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும். பிளாஸ்ரிக் அல்லது துருப்பிடிக்காத உருக்கே ஏற்றது.

நான்காவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: இணைப்பின் இறப்பர் வளையம் நாளை எங்கே கிடைக்கும்? 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் இறக்குமதிப் பொருட்கள் எவ்வளவு அரிதாயின என்பதை யாரும் மறந்திருக்கமாட்டோம். கொழும்பில் மட்டும் கிடைக்கும் அழகிய இணைப்பைவிட, மூதூர்க் கடையில் வாங்கக்கூடிய வளையமுள்ள சாதாரண யூனியனே எனது தெரிவு. வளையத்துக்குச் சிலிக்கன் கிரீஸ் பூசுங்கள். பெற்றோலியக் கிரீஸ் சிலவகை இறப்பரை ஊதச் செய்யும்.

எளிதாகக் கழற்ற முடிவது சோம்பேறிக்கான சலுகையன்று. அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டது. மூடிய வடிகட்டிக்குள் நீரோட்டம் நின்றால், உள்ளிருக்கும் நன்மை தரும் நுண்ணுயிர்கள் ஒட்சிசன் இன்றி இறக்கும். மின்சாரம் வந்ததும் அந்தக் கெட்ட நீர் நேராகத் தொட்டிக்குள் பாயும். நீண்ட மின்வெட்டின் பின் வடிகட்டியைக் கழற்றி, உள்நீரைக் கொட்டிவிட்டு, ஊடகத்தைத் தொட்டி நீரிலேயே அலசி மாட்டுவதே பாதுகாப்பு. கழற்றுவது தொல்லையென்றால் யாரும் அதைச் செய்யமாட்டார்கள்.

2006 ஜூலையில் மாவிலாற்றின் கதவுகள் மூடப்பட்டபோது, தண்ணீர்க் கதவு ஒன்றுக்காக எவ்வளவு பெரிய துயரம் தொடங்கும் என்பதை எங்கள் பகுதி கண்டது. அதனுடன் மீன்தொட்டியை ஒப்பிட முடியாது, ஒப்பிடவும் மாட்டேன். ஆயினும் கதவு எங்கே, யார் கையில், எப்போது மூடும் என்று கேட்கும் பழக்கம் இந்த மண்ணுக்கு இருக்க வேண்டும். அதை என் விறாந்தையில் நான் மறந்தேன்.

இப்போது எங்கள் தொட்டியில் இருபுற வால்வு பொருத்தியாகிவிட்டது. பேரன் அதனைத் தானே மூடித் திறக்கப் பழகியிருக்கிறான். ஒழுகாத இணைப்பைத் தேடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. என்றோ ஒருநாள் எதுவும் ஒழுகும். அன்று மீன்கள் பிழைக்குமா என்பதை, வாங்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.