நேர்ச்சை யார் கணக்கில்?

கடந்த கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர் நால்வர் நம் பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து ஒரு விளையாட்டு ஆடினர். பெங்களூரில் படிக்கும் ஒருவன் கொண்டுவந்தது அது. இருபது முகங்கள் கொண்ட ஒரு பகடை, சில தாள்கள், பென்சில், அவ்வளவே. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் அக்கதைக்குள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் பூசாரியாகவும் வேடம் பூண்டு, தாம் என்ன செய்வோம் என்பதை வாயாலேயே சொல்லி ஆடுவார்கள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டின் வழியில் வந்தது இது. 1980களில் அந்நாட்டுக் கிறிஸ்தவர் பலர் இதைச் சாத்தானின் வேலை என்று எதிர்த்தனர். நமக்கு அந்த அச்சம் எழவில்லை. கடவுளின் குணம் என்ன என்ற ஒரே கேள்விக்காக இரண்டு மணி நேரம் சண்டையிடும் இளைஞரை நம் மறைக்கல்வி வகுப்புகளில் நாம் ஒருபோதும் கண்டதில்லை.

சண்டை இதுதான். கதையில் ஒருவனுடைய தங்கை சாகக் கிடக்கிறாள். பேயிடம் போனால் அது ஆன்மாவைக் கேட்கும். அது எல்லாருக்கும் தெரிந்த வியாபாரம். இவன் போனதோ ஒளிமயமான ஒரு வானதூதரிடம். நல்லவர், குணமாக்க வல்லவர். அவர் பதிலுக்கு என்ன கேட்கலாம்? எதையும் கேட்காவிட்டால் ஆட்டத்தில் சுவையில்லை என்றான் கதை சொன்னவன். உன் குரலைக் கேட்கட்டும் என்றான் ஒருவன். இனி நீ பொய்யே சொல்லக் கூடாது என்று கேட்கட்டும் என்றான் அடுத்தவன். உனக்குப் பிறக்கப்போகும் முதல் பிள்ளையைக் கேட்கட்டும் என்றான் மூன்றாமவன். "நல்லவர் அப்படிக் கேட்பாராடா?" என்று மற்றவர்கள் மடக்க, அவன் சொன்னான்: "ஏன் கேக்க மாட்டார்? எங்கம்மா என்னை நேர்ந்துதானே விட்டிருக்கா!"

அவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

நேர்ச்சையைக் கேலி செய்யும் மேட்டிமை நமக்கில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். திருவேங்கடத்தைச் சுற்றியுள்ள இந்தக் கரிசல் மண்ணில் மழையே நேர்ச்சையால்தான் பெய்கிறது என்று நம்பும் மக்களோடு வாழ்கிறோம். ஆகஸ்டு 15இல் காமநாயக்கன்பட்டி பரலோக மாதாவின் தேருக்குப் பின்னால் விழுந்து வணங்கிச் செல்வோரையும், வேளாங்கண்ணியில் மணற்பாதையில் முழங்காலால் நடந்து செல்வோரையும் பார்த்துக் கண் கலங்கியவர்கள் நாம். சங்கரன்கோவிலில் கோமதியம்மனுக்கு மாவிளக்கு ஏற்றும் அயல்வீட்டுச் சகோதரியின் கண்ணீரும் அதே உப்புடையதுதான். முழங்காலால் நடப்பவர் தம் முழங்காலைத் தேய்க்கிறார். மொட்டையடிப்பவர் தம் தலைமுடியைத் தருகிறார். நன்றி சொல்ல வார்த்தை இல்லாதவர் உடம்பால் சொல்லும் நன்றி அது. அதில் குறை காண நமக்கு என்ன இருக்கிறது?

நாம் எதிர்ப்பது வேறொன்றை. தன் வாயால் நேர்ந்து, பிறர் தோளில் ஏற்றும் சுமையை எதிர்க்கிறோம். மகனுக்குக் காய்ச்சல்; மகளைக் கன்னியர் மடத்திற்குக் கொடுப்பதாக நேர்ச்சை. கணவனின் குடி நிற்க வேண்டும். மூத்தவனைச் சாமியாருக்கு விடுவதாக நேர்ச்சை. வரம் ஒருவருக்கு, விலை இன்னொருவருக்கு. விலை கொடுக்க வேண்டியவரிடம் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. அவருக்கு அப்போது ஐந்து வயதோ ஆறு வயதோ இருக்கும்.

கேட்டால், விவிலியத்திலேயே இருக்கிறது சாமி என்பார்கள். இருக்கிறது. எங்கே, எப்படி இருக்கிறது என்று பார்ப்போமே. நீதித்தலைவர்கள் நூலின் 11ஆம் அதிகாரத்தில் இப்தா, தான் வென்று திரும்பினால் தன் வீட்டு வாயிலிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவதாக நேர்கிறான். மேளத்தோடும் நடனத்தோடும் வந்தவள் அவனுடைய ஒரே மகள். அவள் இரண்டு மாதம் தவணை கேட்டு, தோழியரோடு மலைகளில் அழுது திரிந்துவிட்டுத் திரும்பி வருகிறாள். இந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் நாம் காது கொடுத்துக் கேட்பது வானத்திலிருந்து வர வேண்டிய ஒரு குரலை. அது வருவதேயில்லை. மோரியா மலையில் ஆபிரகாம் கத்தியை எடுத்தபோது குரல் வந்ததே! காரணம் எளியது. ஆபிரகாமிடம் கேட்டவர் கடவுள். ஆகவே தடுத்தவரும் கடவுள். இப்தாவிடம் கடவுள் எதையும் கேட்கவில்லை. கேட்காத விலையை அவனாகவே சொன்னான், அதையும் மகளின் கணக்கில் எழுதினான்.

ஆபிரகாமிடம் கடவுள் அப்படிக் கேட்டதே ஏன் என்று நம்மிடம் கேட்பீர்களானால், குருமடத்தில் கற்ற விளக்கங்கள் நமக்குப் பாதி ஆறுதலையே தந்தன என்பதை ஒப்புக்கொள்கிறோம். அண்டை நாட்டார் பிள்ளைகளைப் பலியிட்ட காலத்தில் அந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கும் கதை அது என்பார்கள். இருக்கலாம். எரேமியா 7ஆம் அதிகாரத்தில், பிள்ளைகளை நெருப்புக்குக் கொடுப்பதைப் பற்றி ஆண்டவர் பேசும்போது, அது தம் எண்ணத்தில்கூட எழாத ஒன்று என்கிறார். மீக்கா 6ஆம் அதிகாரத்திலும் ஒருவன், என் தலைப்பிள்ளையைத் தரட்டுமா என்று கேட்கிறான். நேர்மையும் இரக்கமும் தாழ்ச்சியும் போதும் என்று பதில் வருகிறது.

நம் தமிழ் மண்ணிலும் இந்தத் தவிப்பு இருந்திருக்கிறது. சேக்கிழார் பாடிய சிறுத்தொண்டர் வரலாற்றைச் சைவ அன்பர்கள் அறிவர். அடியவராக வந்த இறைவன் பிள்ளைக்கறி கேட்கிறார்; கறி சமைக்கப்படுகிறது; இலை போட்டபின் பிள்ளையை அழைக்கச் சொல்கிறார்; சீராளன் ஓடி வருகிறான். பிற சமயத்தார் போற்றும் வரலாற்றைத் தீர்ப்பிட நாம் யார்? ஒன்றை மட்டும் கவனித்தோம். அங்கும் பிள்ளை திரும்பி வராமல் கதை முடியவில்லை. கேட்டவர் நல்லவர் என்றால் அவர் அதைத் தின்றுவிட்டுப் போக முடியாது என்று கதை சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் சபைக் கூட்டங்களில் சாட்சி சொல்லும் சிலருக்குத்தான் அது தெரியவில்லை.

இனி இயேசுவிடம் வருவோம். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் 'கொர்பான்' என்ற சொல் வருகிறது. நேர்ந்துவிடப்பட்ட காணிக்கை என்று பொருள். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லி அவர்களைக் கைவிடுவோரை இயேசு வெளிவேடக்காரர் என்றே அழைக்கிறார். நன்றாகக் கவனியுங்கள், அவர்கள் நேர்ந்தது கடவுளுக்குத்தான். பொய்த்தெய்வத்துக்கு அன்று, குடிக்கும் சூதுக்கும் அன்று. ஆயினும், விலையைக் கொடுத்தது வயது முதிர்ந்த ஒரு தாயும் தந்தையும் என்பதால் அந்தக் காணிக்கையைக் கடவுளின் மகன் தூக்கி எறிகிறார். அங்கே பெற்றோரின் பங்கைப் பிள்ளை நேர்ந்தான். இங்கே பிள்ளையின் வாழ்வைப் பெற்றோர் நேர்கிறார்கள். திசைதான் மாறியிருக்கிறது.

இதைவிடக் கொடியது, நேர்ச்சை தவறினால் என்ன நடக்கும் என்று நம் குணமளிக்கும் கூட்டங்களில் சிலர் பேசும் பேச்சு. நேர்ந்துவிட்டு மறந்தாய், ஆகையால் பேரன் கால் ஒடிந்தது. கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுக்கவில்லை, ஆகையால் மருமகளுக்குக் கரு கலைந்தது. இந்த மொழியை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? 2017 அக்டோபர் 23 அன்று, இன்றைய தென்காசி மாவட்டத்துக் காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு தொழிலாளி, மனைவியோடும் இரு பெண் குழந்தைகளோடும் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தார்; நால்வரும் மாண்டனர். கந்துவட்டிக் கொடுமை என்று நாடே பதறியது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்க 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. தவணை தவறினால் வீட்டு வாசலில் வந்து நின்று பெண்டு பிள்ளைகளை மிரட்டுவதுதான் கந்துவட்டிக்காரன் மொழி. அந்த மொழியைப் பீடத்தருகே நின்று பேசுகிறவர், தாம் யாரை வட்டிக்காரன் ஆக்குகிறோம் என்பதை அறிவாரா?

இவ்வூரின் பெயர் திருப்பதி மலையை நினைவூட்டும் பெயர். அந்த மலையைப் பற்றி மக்கள் சொல்லும் கதையில், தம் திருமணத்துக்காகக் குபேரனிடம் கடன் வாங்கி இன்றும் வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் கடவுள். அங்கே கடவுளே கடனாளி! நாமோ, நம் கடன் சீட்டையெல்லாம் சிலுவையில் கிழித்துப் போட்டவரை நம்புவதாகச் சொல்லிக்கொண்டு, அவர் கையில் வசூல் நோட்டைக் கொடுத்து அனுப்புகிறோம்.

திருச்சபை இவ்வாறு கற்பிக்கவில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பைத் திறந்து பாருங்கள். நேர்ச்சை என்பது அறிந்தும் மனமுவந்தும் கடவுளுக்குத் தரும் வாக்கு என்கிறது விதி 1191. கடுமையான அநீத அச்சத்தால் செய்யப்பட்ட நேர்ச்சை செல்லாது என்றும் அதே விதி கூறுகிறது. விதி 1193 இன்னும் தெளிவானது: நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். தாய் நேர்ந்தால் தாயைக் கட்டும், மகளைக் கட்டாது. தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து தக்க காரணத்தோடு விடுவிக்கப் பங்குக் குருவுக்கே அதிகாரம் உண்டு (1196). அதைச் சமமான அல்லது மேலான நன்மையாக, நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு (1197). இத்தனையும் நம் அலமாரிகளில் இருக்க, எத்தனை பங்குகளில் இவற்றை மக்களுக்கு அறிவித்திருக்கிறோம்? அறிவித்தால் உண்டியல் வருமானம் குறையும் என்று ஓர் உடன் குரு நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் விளையாட்டுக்குச் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம்.

சாமுவேலை அன்னா நேர்ந்துவிடவில்லையா என்று கேட்பவர்களுக்கு: நேர்ந்தார், கொண்டுபோய் விட்டார். ஆனால் சாமுவேலைப் பெயர் சொல்லி அழைத்தது அன்னா அல்லர். அந்த இரவில் அழைத்தவர் ஆண்டவர். பதில் சொன்னவன் சிறுவன். இதை நாம் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. நாமும் நேர்ந்துவிடப்பட்ட பிள்ளையே. நம் தாயார் வேளாங்கண்ணியில் செய்த வேண்டுதலால்தான் குருமடம் சேர்ந்தோம். இறையியல் மூன்றாம் ஆண்டில் நம் ஆன்மகுரு, "இது உன் அம்மா கொடுத்த வாக்கா, நீ கொடுக்கப்போகும் வாக்கா?" என்று கேட்டார். பதில் சொல்ல ஓராண்டுக்கு மேலாயிற்று. 'நானே' என்று சொன்ன நாளில்தான் அழைத்தலே தொடங்கியது. அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் இல்லாமல் போன நண்பர்களையும் நாம் அறிவோம்.

நல்ல கடவுள் விலையே கேட்பதில்லையா என்றால், கேட்கிறார். ஆரல்வாய்மொழிக்கருகே காற்றாடி மலையில் 1752 ஜனவரி 14 அன்று சுடப்பட்டு இறந்த புனித தேவசகாயம் அதை அறிவார். அவர் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டவர். அவர் உயிரைக் கடவுள் கூலியாகக் கேட்கவில்லை. கடவுள் கேட்டது உண்மையை; உயிரைக் கேட்டது அரண்மனை. அவரும் அடுத்தவர் உயிரை முன்னால் வைக்கவில்லை, தம்மையே வைத்தார். சக்கேயுவும் அப்படியே: யாரை ஏமாற்றினானோ அவருக்கு நான்கு மடங்கு, தன் பெட்டியிலிருந்து. திண்ணையில் இரண்டாமவன் சொன்னானே, இனிப் பொய் சொல்லக் கூடாது என்று கேட்கட்டும் என்று. அவன் தேர்வில் இரு பாடங்களில் தவறியவன். ஆயினும் இறையியலில் அவனுக்கே முதல் மதிப்பெண் தருவோம்.

முன்னே சொன்ன, மகனின் காய்ச்சலுக்காக மகளை நேர்ந்த தாய் நம் மக்களில் ஒருவர். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மடத்திற்குப் போனாள். ஒன்றரை ஆண்டில் திரும்பி வந்தாள். வந்த மூன்றாம் மாதம் அண்ணன் இருசக்கர வண்டியிலிருந்து விழுந்தான். கேட்க வேண்டுமா? "நீ வந்ததாலதான்" என்று வீட்டில் அவளோடு பேச்சில்லை. நாம் அந்தத் தாயை அழைத்து, விதி 1193ஐ அவருக்குப் புரியும் தமிழில் சொன்னோம். மகளைக் கட்டாத நேர்ச்சை அது. உங்களைக் கட்டும் பகுதி ஏதேனும் இருந்தால் அதிலிருந்தும் விடுவிக்கிறோம் என்றோம். அழுதார். நெடுநேரம் கழித்து, "அப்ப பதிலுக்கு நான் என்ன செய்யணும் சாமி?" என்றார். சும்மா பெற்றுக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

கொழுந்தன் இறந்து ஆறு ஆண்டுகளாகின்றன. அவருடைய மனைவிக்குச் சேர வேண்டிய ஒன்றரை ஏக்கர் கரிசல் இன்னும் பிரிக்கப்படாமல் இவர்கள் உழவில் இருக்கிறது. ஊரறிந்த செய்தி. அந்தப் பங்கை அளந்து அவள் பெயருக்கு எழுதிக் கொடுங்களேன், மாதாவுக்கு அதைவிட உகந்த காணிக்கை வேறில்லை என்றோம்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நம்மை ஏறிட்டுப் பார்த்தார்.

"அதுக்கு அந்த நேர்ச்சையே தேவல, சாமி."

பத்திரம் இன்னும் எழுதப்படவில்லை. மகள் கோவில்பட்டியில் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கட்டணத்தில் ஒரு பகுதியைச் சித்திதான் கட்டுகிறாள்.