இருபத்தைந்தாம் படி

சென்ற திங்கள் நம் விடுதி நண்பர் ஒருவர் மூன்று இரவுகள் கண்விழித்தார். தேர்வுக்காக அன்று, 2022-இல் வெளிவந்த ‘எல்டன் ரிங்’ ஆட்டத்தில் தம் வாளை 25-ஆம் படிக்கு ஏற்றுவதற்காக!

மன்ற நண்பர்களே, கணக்கைப் பாருங்கள். அவ்வாட்டத்தின் நெடுவாள் 110 என்னும் வலிமையில் தொடங்குகிறது. படிக்கு ஏறத்தாழ 6 கூடுகிறது. முதற்படியில் அந்த 6, நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் மேல். கடைசிப் படியிலோ நூற்றுக்கு இரண்டரைப் பங்குக்கும் குறைவு. ஆனால் கடைசிப் படிக்கு வேண்டிய டிராகன் கல்லோ கிடைத்தற்கரியது. பொருளியல் மாணவர் வகுப்பில் ஒப்பிக்கும் குறைந்து செல் விளைவு விதி இதுவன்றோ?

“முழுமை வேண்டாமா?” என்பீர்கள். வேண்டும். ஆயினும் வாளை முழுதும் ஏற்றிய நண்பர் மறுநாளும் தோற்றார். குறை வாளில் இல்லை. பகைவன் ஓங்கும்போது உருண்டு விலகக் கை பழகவில்லை. ஓர் இரவைப் பயிற்சிக்குக் கொடுத்திருந்தால் வென்றிருப்பார். மற்ற இரண்டிலும் நன்றாக உறங்கியிருப்பார்.

கருவியைப் போதுமட்டும் தீட்டுவோம். மிஞ்சிய பொழுதில் கையைப் பழக்குவோம். ஆட்டத்துக்கு மட்டுமா இது பொருந்தும்?